பழங்குடி மாணவர்களுக்கான கல்லூரி உதவித்தொகை: எந்தக் காகிதம் முதலில், எந்தப் பணம் எப்போது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு எஸ்.டி. சான்றுக்கு ஓட ஆரம்பித்தால், அந்த வருடம் அநேகமாகக் கைவிட்டுப் போய்விடும். என் தங்கையைக் கல்லூரியில் சேர்த்தபோது எங்கள் மலையிலிருந்து கூடவே இறங்கிய பிள்ளைகள் சிலர் இப்படித்தான் திரும்பிப் போனார்கள். மதிப்பெண் இருந்தது, சீட்டும் இருந்தது. காகிதம்தான் இல்லை.

தமிழ்நாட்டில் பழங்குடி மாணவர்களுக்கு அரசு ஒதுக்கும் பணம் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். பெயர், சான்று, வங்கி, கல்லூரி, விண்ணப்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டிய வேலைகளை நாம் தலைகீழாகச் செய்வதுதான் பெரும்பாலும் பிரச்சினை. ஒன்பதாவது, பத்தாவது படிக்கும்போதே பெயரைச் சரிபார்த்து, பதினொன்றில் சாதிச் சான்றை முடித்து, பன்னிரண்டில் வங்கிக் கணக்கைத் தயார் செய்துவிட்டால், ரிசல்ட் வந்த பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நீங்கள் இப்போதே பன்னிரண்டு முடித்துவிட்டீர்கள் என்றால் இரண்டாவது படியையும் நான்காவது படியையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.

படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமில்லாமல், அவர்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் அண்ணன், அக்கா, மாமாக்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. பெயரும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும்

ஆதார், ரேஷன் அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, வங்கிப் பாஸ்புக் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 'செல்வி', இன்னொன்றில் 'செல்வி கே', மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்து 'செல்வி கரியன்' என்று இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். கணினிக்கு மூன்று ஆள்.

பத்தாவது பொதுத்தேர்வு எழுதும் முன் என்றால் வேலை சுலபம். பள்ளி மாணவர் விவரங்களை அரசு வைத்திருக்கும் 'எமிஸ்' கணினிப் பதிவில் உங்கள் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, சாதிப் பெயர் எப்படி இருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். தேர்வுக்குப் போகும் பெயர்ப் பட்டியல் அதிலிருந்துதான் எடுக்கப்படும். மதிப்பெண் சான்று அச்சாகி வந்த பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. அதனால் பத்தாவது முடித்தவர்கள் மதிப்பெண் சான்றை அப்படியே வைத்துக்கொண்டு, ஆதாரையும் வங்கியையும் அதற்கேற்ப மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. அதனால் இ-சேவை மையத்தில் தட்டச்சு செய்பவர் திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்த பிறகு சரி சொல்லுங்கள். பெயர், தேதி, செல்பேசி எண் போன்ற திருத்தத்துக்குக் கட்டணம் 75 ரூபாய். 15 வயது ஆனதும் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 17 வயதுக்குள் செய்தால் அது இலவசம். இதைச் செய்யாமல் விட்டவர்களுக்குத்தான் பிற்பாடு கல்லூரியில் கைரேகை 'பொருந்தவில்லை' என்று வரும்.

ஆதாரோடு ஒரு செல்பேசி எண் கட்டாயம் இணைந்திருக்க வேண்டும், அந்த எண் உங்கள் வீட்டிலேயே இருப்பதாக இருக்க வேண்டும். எஸ்டேட் மேஸ்திரி எண், செங்கல் சூளை முதலாளி எண், பக்கத்து ஊர்க் கடைக்காரர் எண் என்று கொடுத்து வைத்திருப்பவர்கள் நிறைய. ஓ.டி.பி. கடைக்காரர் செல்பேசிக்குப் போகும், அவர் அன்று சந்தைக்குப் போயிருப்பார். எண்ணை மாற்ற அஞ்சலகத்திலோ தபால்காரரிடமோ கேளுங்கள். பல இடங்களில் அவரே செய்து கொடுக்கிறார்.

பிறப்புச் சான்றே இல்லை என்றால், குறிப்பாக இருளர் குடியிருப்புகளில் இது சகஜம், வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இப்போதும் பதிவு செய்யலாம். பிறந்து ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகும். ஆகவே சாதிச் சான்று மனுவோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள், ஒரே விசாரணையில் இரண்டையும் முடிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

2. எஸ்.டி. சான்று

மற்ற சாதியினருக்குத் தாசில்தார் அலுவலக அளவிலேயே சான்று கிடைத்துவிடும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. அல்லது சார் ஆட்சியர்தான் வழங்க வேண்டும். 11.11.1989-க்கு முன் தாசில்தார் கொடுத்த சான்று செல்லும். அதற்குப் பின் தாசில்தார் கையெழுத்தில் இருக்கும் எஸ்.டி. சான்று செல்லாது. அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ பழைய சான்று இருந்தால் முதலில் தேதியையும் கையெழுத்தையும் பாருங்கள்.

மனு கொடுக்கும் முன், உங்கள் சமூகம் எந்தப் பெயரில் பட்டியலில் இருக்கிறது, எந்த மாவட்டத்துக்கு என்று பார்த்துவிடுங்கள். இதுதான் பலர் விழும் குழி. மலையாளி சமூகம் பழைய தர்மபுரி, வடாற்காடு, தென்னாற்காடு, சேலம், திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் மட்டும்தான் பழங்குடி. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் அதே மக்கள் இருந்தும் அந்தப் பட்டியலில் அந்த மாவட்டம் இல்லாததால் சான்று கிடைப்பதில்லை. அநியாயம்தான், ஆனால் அதை ஆர்.டி.ஓ. மாற்ற முடியாது, நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். இப்போதுள்ள மாவட்டப் பெயரை வைத்துக் குழம்பாதீர்கள். கள்ளக்குறிச்சி தென்னாற்காட்டிலிருந்தும், திருப்பத்தூர் வடாற்காட்டிலிருந்தும், நாமக்கல் சேலத்திலிருந்தும் வந்தவை. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023-இல் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தன. கையில் பழைய எம்.பி.சி. சான்று வைத்திருப்பவர்கள் புதிதாக எஸ்.டி. சான்று வாங்க வேண்டும்.

விண்ணப்பம் இ-சேவை மையத்தில். முதலில் 'கேன்' எண் என்று ஒரு பதிவெண் உருவாக்குவார்கள், அதற்கு ஆதாரும் செல்பேசியும் வேண்டும். கட்டணம் 60 ரூபாய். சீட்டு வாங்காமல் நகராதீர்கள். "ஆயிரம் கொடுத்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆள் இருக்கிறார்" என்பவர்களிடம் பேசக்கூட வேண்டாம். அப்படி வந்த சான்றைப் பிற்காலத்தில் மாநில அளவிலான கூர்நோக்குக் குழு சரிபார்க்கும்போது, படிப்பும் வேலையும் சேர்ந்தே போகும்.

இணைக்க வேண்டியவை: ஆதார், ரேஷன் அட்டை, புகைப்படம், பள்ளியில் சாதி குறிப்பிட்டிருக்கும் டி.சி. அல்லது பதிவேட்டு நகல், தந்தை வழி உறவினர் யாராவது ஒருவரின் எஸ்.டி. சான்று. இந்தக் கடைசிக் காகிதம்தான் வேலையைப் பாதியாகக் குறைக்கும். அப்பாவுக்கு இல்லை என்றால் சித்தப்பா, பெரியப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் என்று தேடுங்கள். கிடைத்தால், அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்பதைக் காட்ட ஒரு குடும்ப வரிசையைத் தாளில் எழுதி, ஊர்ப் பெரியவர் இருவர் கையெழுத்தோடு வையுங்கள். நில ஆவணம், வன உரிமைச் சட்டப்படி கிடைத்த பட்டா, தாத்தா காலத்துப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு எதுவாக இருந்தாலும் சேருங்கள். பழைய பள்ளியில் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டின் சான்றளித்த நகல் கேட்டால் தருவார்கள்.

வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று அறிக்கை மேலே போய், கடைசியில் கோட்டாட்சியர் உங்களை நேரில் விசாரிப்பார். அன்று அப்பா அம்மா இருவரும், ஊர்ப் பெரியவர் ஒருவரும் கூட இருப்பது நல்லது. குலதெய்வம், குலப் பிரிவு, கல்யாணச் சடங்கு, சாவுச் சடங்கு பற்றிக் கேட்பார்கள். ஹாஸ்டலிலேயே வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்கலாம். முந்தைய நாள் பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், கற்பனை செய்யாதீர்கள்.

"ஜீன்ஸ் போட்டிருக்கிறாய், நீ எப்படிப் பழங்குடி?" என்று யாராவது கேட்டால் கோபப்படாமல் காகிதத்தைக் காட்டுங்கள். பழக்கவழக்கச் சோதனை மட்டுமே முடிவு செய்யும் அளவுகோல் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆவணம் பலமாக இருந்தால் பேச்சில் தடுமாறினாலும் பரவாயில்லை.

நிராகரித்தால், வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காதீர்கள். காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் மேல்முறையீடும் இல்லை, வழக்கும் இல்லை. வழக்கு என்றதும் பணத்துக்குப் பயப்பட வேண்டாம். பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தொலைபேசி எண் 15100.

எத்தனை நாள் ஆகும்? உறவினர் சான்று கையில் இருந்தால் சில வாரங்களில் முடிந்துவிடலாம். இல்லையென்றால் மாதக்கணக்கு. குடும்பத்தில் முதல் ஆளாக நீங்கள் வாங்குகிறீர்கள் என்றால் ஒரு வருடம் ஒதுக்குங்கள். வந்ததும் தம்பி தங்கைகளுக்கும் அதே சூட்டோடு விண்ணப்பித்துவிடுங்கள்.

3. வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று

இவை இரண்டும் தாசில்தார் அளவில் முடிந்துவிடும், இ-சேவையில் தலா 60 ரூபாய். பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பெற்றோர் வருமானம் மட்டும்தான் கணக்கு. திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் சம்பளத்தையும் சேர்த்து எழுதுகிறார்கள் என்றால் அங்கேயே மறுத்துச் சொல்லுங்கள். மாத வருமானக் கட்டத்தில் ஆண்டு வருமானத்தை எழுதிவிடும் கூத்தும் நடக்கிறது, அச்சாகும் முன் பாருங்கள்.

சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்று அப்படியல்ல, புதியதாகக் கேட்பார்கள். கல்லூரி சேரும் வருடம் மே மாதத்தில் எடுத்தால் சரியாக இருக்கும்.

4. வங்கிக் கணக்கு: 'லிங்க்' வேறு, 'சீடிங்' வேறு

பணம் அரசிலிருந்து புறப்பட்ட பிறகு காணாமல் போகும் இடம் இதுதான். வங்கியில் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்து "லிங்க் ஆகிவிட்டது" என்று வந்துவிடுகிறோம். அது அடையாளச் சரிபார்ப்புக்கு மட்டும். அரசு நேரடியாகக் கணக்கில் போடும் பணம் ('டி.பி.டி.') உங்கள் கணக்கு எண்ணைத் தேடி வருவதில்லை, ஆதார் எண்ணைத் தேடி வருகிறது. எந்த ஆதார் எந்த வங்கியில் என்று, வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் தேசிய அமைப்பான என்.பி.சி.ஐ. வைத்திருக்கும் பட்டியலில் உங்கள் பெயர் ஏற வேண்டும். அதற்குத்தான் 'ஆதார் சீடிங்' என்று பெயர். வங்கியில் தனியாக ஒரு படிவம் கொடுத்து "டி.பி.டி. பணம் வர என்.பி.சி.ஐ. சீடிங் செய்யுங்கள்" என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்கள். சில நாள் கழித்து ஆதார் ஆணையத்தின் தளத்தில் ஆதார் எண்ணும் ஓ.டி.பி.யும் போட்டால், எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது, 'ஆக்டிவ்' ஆக இருக்கிறதா என்று காட்டும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஓர் ஆதாருக்கு இந்தப் பட்டியலில் ஒரே வங்கிதான். கடைசியாக எங்கே சீடிங் செய்தீர்களோ அங்கேதான் பணம் போகும். கல்லூரியில் முதல் வாரம் ஏதாவது ஒரு வங்கி மேசை போட்டு எல்லாருக்கும் கணக்கு திறக்கும், ஏ.டி.எம். கார்டு இலவசம் என்பார்கள். படிவத்தில் சீடிங் கட்டத்தில் டிக் அடித்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் பணமெல்லாம் அந்தப் புதுக் கணக்குக்குப் போகும். நீங்கள் பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு வரவில்லை, வரவில்லை என்று அழுதுகொண்டிருப்பீர்கள். பணம் வரவில்லை என்று என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே, சமீபத்தில் வேறு கணக்கு திறந்தீர்களா என்பதுதான்.

பள்ளியில் எட்டாவது படிக்கும்போது திறந்த கணக்கு என்றால் இன்னும் இரண்டு விஷயம். இரண்டு வருடம் வரவு செலவு எதுவும் இல்லாவிட்டால் கணக்கு முடங்கிவிடும். நூறு ரூபாய் போட்டு எடுத்து உயிரோடு வையுங்கள். முழு ஆவணம் இல்லாமல் திறந்த 'சிறு கணக்கு' என்றால் ஒரு வருடத்தில் மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது, இருப்பும் 50,000-ஐத் தாண்டக்கூடாது. பொறியியல் கல்லூரிக் கட்டணம் வந்து மோதி நிற்கும். ஆதார் கொடுத்து அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றுங்கள்.

மலையில் வங்கிக் கிளை தூரம் என்றால் அஞ்சலக வங்கிக் கணக்கு போதும். தபால்காரரிடமே பணம் எடுக்கலாம். கணக்கு மாணவர் பெயரில் தனியாக இருக்கட்டும். அப்பாவோடு கூட்டுக் கணக்கு வேண்டாம்.

5. எந்தக் கல்லூரி, எந்த வழியில்

அரசு கலைக் கல்லூரிக்கு இணையவழி விண்ணப்பம். எஸ்.டி. மாணவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை, பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும். பொறியியல் கலந்தாய்வுக்குப் பொதுப் பிரிவினர் 500 ரூபாய் கட்டும் இடத்தில் எஸ்.டி.க்கு 250. மாநில ஒதுக்கீடு 1 சதவீதம், மத்திய அரசு நிறுவனங்களில் 7.5 சதவீதம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளியும் இதில் சேர்த்தி, மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் கிடைக்கும். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. (இந்த 7.5-ஐயும் மத்திய அரசின் 7.5-ஐயும் போட்டுக் குழப்பாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. இரண்டும் வேறு வேறு.)

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற இடங்களுக்குப் போகிறவர்கள் சாதிச் சான்று எந்தப் படிவத்தில் வேண்டும் என்று அறிவிப்பில் படியுங்கள். மத்திய அரசுப் படிவம் கேட்டால் அதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும். கலந்தாய்வு தொடங்கிய பிறகு அதற்கு நேரம் இருக்காது.

தனியார் கல்லூரி என்றால் ஒன்றே ஒன்றை உறுதி செய்யுங்கள்: ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் அரசு ஒதுக்கீட்டில் சேருங்கள். மே மாதமே மலையடிவாரத்தில் வேன் வைத்து, "எஸ்.டி.யா, ஒரு பைசா வேண்டாம், சர்டிபிகேட் மட்டும் கொடு" என்று ஆள் பிடிக்கும் ஏஜென்டுகள் வருவார்கள். அவர்கள் சேர்ப்பது நிர்வாக ஒதுக்கீட்டில். அங்கே உதவித்தொகை எவ்வளவு வரும், வருமா என்பதற்கு அவர் பொறுப்பில்லை. இரண்டாம் வருடம் கல்லூரி உங்களிடம் நேரடியாகக் கேட்கும். அப்படி ஒரு கல்லூரி எங்கள் ஊர்ப் பையனின் அசல் சான்றுகளைப் பணம் கட்டும்வரை கொடுக்க மறுத்தது. அசல் சான்றுகளைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்த கையோடு திருப்பி வாங்குங்கள். கொடுத்தே ஆகவேண்டிய நிலை என்றால் எதையெல்லாம் வாங்கினார்கள் என்று எழுதிய ரசீது இல்லாமல் வராதீர்கள்.

சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டில் சேரும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களின் கட்டணம் தொடர்பாக 2012-இல் அரசாணை எண் 92 வந்தது. சேரும்போதே கட்டணம் கேட்டால் இந்த எண்ணைச் சொல்லி, "எழுத்தில் கொடுங்கள், பழங்குடியினர் நல அலுவலகத்தில் காட்டுகிறேன்" என்று கேளுங்கள். பெரும்பாலும் குரல் இறங்கிவிடும்.

6. எந்தத் திட்டத்தில் எவ்வளவு

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைதான் அடித்தளம். பதினொன்றாம் வகுப்பு முதல் ஆராய்ச்சிப் படிப்பு வரை பொருந்தும். கட்டாயக் கட்டணங்களும் பராமரிப்புத் தொகையும் சேர்ந்தது. மத்தியத் திட்டத்தில் 2010-இல் வகுத்த விகிதப்படி, பி.ஏ., பி.எஸ்.சி. படிப்பவர்களுக்கு மாதம் விடுதியில் இருந்தால் 570 ரூபாய், வீட்டிலிருந்து போனால் 300. பொறியியல், மருத்துவம் போன்றவற்றுக்கு 1,200, 550. விகிதம் மாறியிருக்கிறதா என்று அந்தந்த வருட அறிவிப்பில் பாருங்கள். அரசின் இலவச விடுதியில் இருந்தால் விடுதி விகிதத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். என் பணத்தில் வார்டன் கை வைத்துவிட்டார் என்று சண்டைக்குப் போகும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு பட்டம் முடித்துவிட்டு அதே நிலையில் இன்னொரு பட்டம் படித்தால் இந்தத் தொகை கிடையாது. பி.ஏ. முடித்து பி.காம். சேர்ந்தால் இல்லை, எம்.ஏ. சேர்ந்தால் உண்டு. ஒரு வீட்டில் எத்தனை பிள்ளைகள் படித்தாலும் அத்தனை பேருக்கும் உண்டு.

இதற்கு மேல் மாதம் 1,000 ரூபாய்: பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்து, பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. சேர்ந்தவர்களுக்கு. தொலைதூரக் கல்விக்கு இல்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதைச் சேர்த்து வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. கல்லூரி அலுவலகத்தில் "ஸ்காலர்ஷிப் வாங்குகிறாய், உனக்கு இது கிடையாது" என்றால் அது தவறு. கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், அவரிடம் போங்கள்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி., எய்ம்ஸ், தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்ற இடம் கிடைத்தவர்கள் போஸ்ட் மெட்ரிக்கை விட்டுவிட்டு, மத்தியப் பழங்குடியினர் விவகார அமைச்சகத்தின் உயர்கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். வருமான வரம்பு 6 லட்சம். நாடு முழுக்க வருடம் 1,000 புதிய இடங்கள். முழுப் படிப்புக் கட்டணம் (தனியார் நிறுவனம் என்றால் 2.5 லட்சம் வரை), மாதம் 2,200 ரூபாய், புத்தகத்துக்கு வருடம் 3,000, கணினிக்கு ஒருமுறை 45,000. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. இதற்கான விண்ணப்பம் தேசிய உதவித்தொகைத் தளத்தில்.

7. விண்ணப்பிப்பது

போஸ்ட் மெட்ரிக் விண்ணப்பம் இப்போது கல்லூரி மாணவர் விவரங்களுக்கான மாநிலத்தின் 'யூமிஸ்' தளம் வழியாக நடக்கிறது. கல்லூரி சேர்ந்ததும் உங்களுக்கு ஒரு யூமிஸ் எண் உருவாக்குவார்கள், அதில் எமிஸ் எண் கேட்பார்கள். பிளஸ் டூ பள்ளியை விட்டு வரும்போதே எமிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

கல்லூரி நோட்டீஸ் போர்டில் போடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். ஸ்காலர்ஷிப் பிரிவு கிளார்க் யார் என்று முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் 'சமர்ப்பி' அழுத்தியதோடு வேலை முடியவில்லை. கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும், அதன்பின் மாவட்ட அலுவலகம். விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தளத்தில் பாருங்கள். 'திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது' என்று வந்தால் ஒரு குறுஞ்செய்திதான் வரும். அதைத் தவறவிட்டால் கடைசித் தேதி தாண்டிவிடும்.

ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர்த் திருவிழா, காப்பி அறுவடை, வீட்டில் உடம்பு முடியாதவர் என்று நம் பிள்ளைகள் மொத்தமாக விடுப்பு எடுப்பது வழக்கம். எடுக்கத்தான் வேண்டும் என்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

8. முதல் ஆறு மாதத்துக்குக் கைப்பணம்

இதை யாரும் சொல்ல மாட்டார்கள். உதவித்தொகை சேர்க்கை நாளில் வராது. பல மாதம் கழித்து, சில சமயம் அடுத்த கல்வியாண்டு நெருங்கும்போது வரும். இடையில் சீருடை, ஆய்வகக் கோட்டு, தேர்வுக் கட்டணம், பஸ், பாய், பக்கெட் எல்லாம் கையிலிருந்துதான். அந்தப் பணத்தை முன்கூட்டியே சேர்த்து வைத்தவர்கள்தான் இடையில் நிற்காமல் படிக்கிறார்கள். கந்துவட்டிக்கு வாங்க வேண்டாம். மகளிர் குழுக் கடன் இருந்தால் அது மேல்.

செலவைக் குறைக்க ஒரே வழி அரசு விடுதி. தங்கலும் சாப்பாடும் இலவசம். 2023-இல் உணவுப் படியைக் கல்லூரி மாணவருக்கு மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள். 2025 முதல் பலகையில் 'சமூகநீதி விடுதி' என்று இருக்கும், தேடும்போது பழைய பெயரைக் கேட்டு அலையாதீர்கள். பழங்குடியினர் விடுதியில் இடமில்லை என்றால் ஆதிதிராவிடர் நல விடுதியிலும் கேளுங்கள். கல்லூரியில் சேர்ந்த அன்றே விண்ணப்பம் கொடுங்கள்.

கல்விக் கட்டணமும் உங்கள் கணக்குக்கே வந்தால், அது உங்கள் பணம் அல்ல, கல்லூரிக்குக் கட்ட வேண்டியது. எவ்வளவு கட்டணத்துக்கு, எவ்வளவு பராமரிப்புக்கு என்று தளத்தில் பிரித்துக் காட்டும். வந்த வாரமே கட்டி ரசீது வாங்குங்கள். வீட்டில் கூரை ஒழுகுகிறது, மாடு வாங்க வேண்டும் என்று அந்தப் பணம் கரைந்துபோனால், டி.சி. வாங்கும் நாளில் மொத்தமாகக் கேட்பார்கள்.

9. பணம் வரவில்லை என்றால்

முதலில் ஆதார் தளத்தில் சீடிங் நிலவரத்தைப் பாருங்கள். அது சரி என்றால் யூமிஸில் விண்ணப்ப நிலை. அங்கே 'ஒப்புதல்' என்று இருந்தால் கல்லூரியை விட்டுவிட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். சேலம், நாமக்கல், தர்மபுரி, திருவண்ணாமலை, நீலகிரி போன்ற மலை மாவட்டங்களில் பழங்குடியினர் நலத் திட்ட அலுவலர் தனியாக இருப்பார். மற்ற இடங்களில் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலர்.

வாயால் கேட்டுவிட்டு வருவதில் பயனில்லை. மனு இரண்டு பிரதி, ஒன்றில் முத்திரையும் தேதியும். அடுத்தது திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம், அங்கே மனு எண் கொடுப்பார்கள். மலையிலிருந்து இறங்க முடியாது என்றால் 1100-க்கு அழைத்து முதல்வரின் முகவரித் துறையில் பதியலாம், அதற்கும் எண் உண்டு.

இவை எதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய வெள்ளைத்தாள் போதும். "உதவித்தொகை ஏன் வரவில்லை" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்லத் தேவையில்லை என்று பதில் வரும். "எனது விண்ணப்ப எண் இது. எந்தத் தேதியில் உங்கள் அலுவலகத்துக்கு வந்தது, எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது, பணம் விடுவிக்கப்பட்டிருந்தால் எந்த வங்கிக்கு, எந்தத் தேதியில், திரும்பி வந்திருந்தால் அதற்கான பதிவின் நகல்" என்று கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பதிலுக்கு முன்பே பணம் வந்துவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள், அப்படி நடப்பதுண்டு.